பழைய விண்டோஸ் 7 மேசைக்கணினியிலிருந்து புது லேப்டாப்புக்கு 640 ஜிபி: வேகம் 11-ஐத் தாண்ட மறுக்கிறது

தென்னங்கீற்று

வணக்கம். 2012-இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், 1 டிபி ஹார்டு டிஸ்க். அதில் உள்ள எல்லாவற்றையும் புது லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். லேப்டாப்பில் விண்டோஸ் 11 (24எச்2 பதிப்பு), 1 டிபி எஸ்எஸ்டி.

மொத்தம் 640 ஜிபி. அதில் 400 ஜிபி வீடியோ, 180 ஜிபி போட்டோ. மிச்சம் வேர்டு கோப்புகள், அவுட்லுக் மெயில், ஸ்கேன் செய்த பத்திரங்கள்.

லேப்டாப்பில் லான் போர்ட் இல்லை, யுஎஸ்பி-லான் அடாப்டர் போட்டிருக்கிறேன். இரண்டு கணினியும் ரூட்டரில் கேபிள் வழியாக இணைந்திருக்கின்றன. ஃபோல்டரை ஷேர் செய்து இழுத்தால் விநாடிக்கு 11.2 எம்பி, அதற்கு மேல் ஏறுவதே இல்லை. 16 மணி நேரம் ஆகும் போலிருக்கிறது. போட்டோ ஃபோல்டருக்குள் போனால் 2, 3 எம்பிக்கு இறங்கிவிடுகிறது.

எதை மாற்றினால் வேகம் வரும்? பழைய கணினியில் யுஎஸ்பி 2.0 மட்டும்தான். எக்ஸ்டர்னல் டிஸ்க் வழியாகப் போனால் சீக்கிரம் முடியுமா? இருபுறமும் ஒரே மாதிரித் தலை உள்ள யுஎஸ்பி கேபிள் கடையில் கிடைக்கிறது, அதை இரண்டிலும் நேராக மாட்டலாமா?

---

செம்புக்கம்பி

முதலில் கடைசிக் கேள்வி. அந்தக் கேபிளை மாட்டாதீர்கள். யுஎஸ்பியில் ஒரு பக்கம் தலைமை, மறுபக்கம் அடங்கி நடக்கும் சாதனம். இரண்டு கணினியும் தலைமை என்பதால் பேச்சே நடக்காது. அதோடு இரண்டு போர்ட்டுமே 5 வோல்ட்டை வெளியே தள்ளும், சாதாரணக் கேபிளில் அவை நேருக்கு நேர் முட்டும். போர்ட் போய்விடலாம். நடுவில் சிப் வைத்த பிரிட்ஜ் கேபிள் என்று தனியாக உண்டு, அது பாதுகாப்பானது. ஆனால் உங்கள் பழைய கணினி யுஎஸ்பி 2.0 என்பதால் அதனாலும் வேகம் வராது. யுஎஸ்பி 2.0 ஏட்டில் விநாடிக்கு 60 எம்பி, கையில் கிடைப்பது 30 முதல் 40. எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் இதே கணக்குதான்: எழுதவே நாலரை முதல் ஆறு மணி நேரம், அப்புறம் லேப்டாப்பில் இறக்க இன்னொரு முறை.

இனி 11.2. இந்த எண்ணிலேயே காரணம் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். எட்டுப் பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் 12.5 எம்பி. நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக 11-லிருந்து 11.8 வரை நிற்கும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பாக இருந்தால் 110 சுற்றி நிற்கும். ஆகவே உங்கள் டிஸ்க்கிலோ விண்டோஸிலோ பிரச்சினை இல்லை. வழியில் எங்கோ ஓர் இடம் 100-இல் பேசுகிறது. அதைச் சரி செய்தால் 16 மணி நேரம் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நான்கு.

பழைய கணினியின் லான் சிப்: டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பெயரைப் பாருங்கள். ரியல்டெக் பிசிஐஇ என்று தொடங்கி அடுத்து "ஜிபிஇ" என்று வந்தால் கிகாபிட். "எஃப்இ" என்று வந்தால் 100 மட்டும், அதற்கு மேல் எந்த டிரைவர் போட்டாலும் போகாது. பிசிஐஇ கிகாபிட் கார்டு ஒன்றைச் செருகிவிடலாம்.

யுஎஸ்பி அடாப்டர்: மலிவாகக் கிடைக்கும் பலவும் 10/100 வகை. உள்ளே ரியல்டெக் 8152 இருந்தால் 100, 8153 இருந்தால் கிகாபிட். கிகாபிட் அடாப்டராகவே இருந்தாலும் யுஎஸ்பி 2.0 ஹப்பில் மாட்டினால் 35-க்கு மேல் போகாது. லேப்டாப்பின் 3.0 போர்ட்டிலேயே நேராக மாட்டுங்கள்.

ரூட்டர்: இணைய நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகளில் சிலவற்றில் நான்கு லான் போர்ட்டில் ஒன்று மட்டும் கிகாபிட். சிலவற்றில் எல்லாமே 100.

கேபிள்: இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பியில் நான்கு போதும்: 1, 2, 3, 6-ஆம் இடங்கள், அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்திருந்தால், தலையில் சரியாகக் கடிபடாமல் இருந்தால், இரண்டு முனைகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. இன்டர்நெட் நன்றாகவே ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சுவருக்குள் ஓடும் கேபிளில் நீல ஜோடியைப் பிரித்து டெலிபோனுக்குக் கொடுத்திருப்பதும் உண்டு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தலை என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் எட்டு முனையும் தலையின் நுனிச் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். ஒரு முனை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்தங்கி இருந்தாலும் உலோகப் பல் அதைக் கடித்திருக்காது.

என் யோசனை: ரூட்டரை விட்டுவிடுங்கள். நல்ல கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் ஒன்றை, கடையில் தலை போட்டு வரும் 2 மீட்டர் கேபிள் போதும், இரண்டு கணினிக்கும் நேராக மாட்டுங்கள். கிராஸ் கேபிள் வேண்டுமா என்று கேட்பார்கள். கிகாபிட் போர்ட் ஒரு பக்கம் இருந்தாலே அது தானாக மாற்றிக்கொள்ளும், சாதாரணக் கேபிளே போதும். மாட்டியதும் கன்ட்ரோல் பேனலில் அந்த இணைப்பின் ஸ்டேட்டஸைத் திறந்து "ஸ்பீட்" வரியைப் பாருங்கள். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். 100.0 எம்பிபிஎஸ் என்றால் மேலே சொன்ன பட்டியலில் ரூட்டரை அடித்துவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள்.

---

வன்தட்டு

காப்பி தொடங்கும் முன் டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள். 2012 டிஸ்க் என்றால் இது விருப்பம் அல்ல, கட்டாயம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் 05, சி5 என்ற இரண்டு வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது இப்போது படிக்கத் திணறிக்கொண்டிருப்பவை. சி5-இல் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் வரிசையை மாற்றுங்கள்: பத்திரங்கள், மெயில், போட்டோ முதலில், வீடியோ கடைசியில். 640 ஜிபியையும் ஒரே மூச்சில் இழுக்கும் வேலை சாகக் கிடக்கும் டிஸ்க்கை அன்றைக்கே முடித்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டிஸ்க்கையே கழற்றி சாட்டா-யுஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கைச் செருகி யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) வைத்து லேப்டாப்பின் 3.0 போர்ட்டில் மாட்டலாம். நெட்வொர்க், பாஸ்வேர்ட் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் மேசைக்கணினி டிஸ்க் 3.5 அங்குலம், அதற்கு 12 வோல்ட் வேண்டும். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சின்ன கேபிள்கள் லேப்டாப் டிஸ்க்குக்கு மட்டும்தான். தனி பவர் அடாப்டரோடு வரும் டாக் வாங்குங்கள்.

வேகம் பற்றி ஒன்று. டிஸ்க்கின் வெளிவட்டத்தில் இருக்கும் கோப்புகள் வேகமாக வரும், உள்வட்டத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 110-இல் தொடங்கி 60-க்கு இறங்கினால் பதற வேண்டாம்.

---

தென்னங்கீற்று

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். பழைய கணினியில் "ஜிபிஇ". அடாப்டரும் கிகாபிட்தான். சி5 பூஜ்யம், 05-உம் பூஜ்யம். புது 2 மீட்டர் கேபிளை நேராக மாட்டியதும் 1.0 ஜிபிபிஎஸ் காட்டுகிறது. ஆக, சுவருக்குள் போகும் கேபிளோ ரூட்டரோதான்.

இப்போது வேறு சிக்கல். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. முகவரி 169.254 என்று தொடங்குகிறது. பழையதில் "அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க்" என்று வருகிறது, அதை ஹோம் நெட்வொர்க்காக மாற்ற வழியே காணோம். பிங் போட்டாலும் பதில் இல்லை.

---

செம்புக்கம்பி

எதிர்பார்த்ததுதான். முகவரி கொடுப்பது ரூட்டரின் வேலை, இப்போது ரூட்டர் இல்லை. யாரும் கொடுக்காதபோது விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்வது 169.254. அதிலும் வேலை நடக்கும், ஆனால் கையால் கொடுப்பது நல்லது.

பழைய கணினிக்கு 192.168.50.1, லேப்டாப்பின் யுஎஸ்பி அடாப்டருக்கு 192.168.50.2. இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் இரண்டையும் காலியாக விடுங்கள். கேட்வேயைக் காலியாக விட்டால்தான் லேப்டாப்பின் இன்டர்நெட் வைஃபை வழியாகவே போய்க்கொண்டிருக்கும். வீட்டு ரூட்டர் 192.168.50 வரிசையையே பயன்படுத்தினால் மட்டும் இங்கே வேறு எண் போடுங்கள், இல்லையென்றால் லேப்டாப் குழம்பும்.

கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 7 எப்போதும் பப்ளிக் என்றே வைத்திருக்கும். ஹோம் பிரீமியத்தில் அதை மாற்றும் பாலிசித் திரை கிடையாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். "அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்" போய், பப்ளிக் என்ற பகுதிக்குக் கீழேயே ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். கேபிளின் மறுமுனையில் உங்கள் லேப்டாப் தவிர யாரும் இல்லாததால் இப்போதைக்கு ஆபத்தில்லை. வேலை முடிந்த கையோடு ஆஃப் செய்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. அதை இன்டர்நெட்டில் விடாமல் கேபிளில் மட்டும் கட்டி வைப்பது அந்த வகையிலும் நல்லது.

பிங்குக்குப் பதில் வராததை வைத்து இணைப்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பப்ளிக்கில் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கும். நெட்வொர்க் ஐகானில் பெயர் தெரிகிறதா என்றும் தேட வேண்டாம். லேப்டாப்பின் எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு \\192.168.50.1 என்று நேராகத் தட்டுங்கள்.

இன்னொன்று: எது எதிலிருந்து இழுக்க வேண்டும் என்பது. பழைய கணினியில் ஷேர் கொடுங்கள், படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், லேப்டாப்பிலிருந்து இழுங்கள். இப்படிச் செய்தால் கை தவறி கட் கொடுத்தாலும், டெலிட் கொடுத்தாலும் மூலத்தில் ஒரு பைட்டும் அசையாது.

---

தென்னங்கீற்று

\\192.168.50.1 தட்டியதும் யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கிறது. பழைய கணினியில் பாஸ்வேர்டே வைத்ததில்லை. லேப்டாப்பின் பின் எண்ணைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. இணையத்தில் எஸ்எம்பி 1.0-ஐ ஆன் செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா?

---

கருமேகம்

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி. அதன் பழைய 1.0 வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியோடு பேசத்தான் அது தேவை. விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 தெரியும், விண்டோஸ் 11 அதோடு தாராளமாகப் பேசும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது அந்த 1.0-இன் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை நிறுவாமலேயே விடுகிறார்கள். பழைய பதிவுகளில் இருக்கும் இந்த யோசனையைப் பின்பற்றிப் புதுக் கணினியில் ஓட்டை போட வேண்டாம்.

அது கேட்பது பழைய கணினியின் கணக்கு, லேப்டாப்பின் கணக்கு அல்ல. பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டுமே. நெட்வொர்க்கில் எங்கேயும் செல்லாது. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடக் கூடாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. ஆகவே பழைய கணினியில் உங்கள் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள். புதுக் கணக்கு ஏதும் உருவாக்க வேண்டாம், புதுக் கணக்கால் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் நுழைய முடியாது.

லேப்டாப்பில் கேட்கும்போது யூசர்நேம் பெட்டியில் பழைய கணினியின் பெயர், பின்சாய்கோடு, அங்குள்ள யூசர்நேம் என்று சேர்த்துத் தட்டுங்கள். வெறும் யூசர்நேம் மட்டும் தட்டினால் சில சமயம் லேப்டாப் தன் சொந்தக் கணக்கு என்று எண்ணிக்கொள்ளும்.

"எவ்ரிஒன்" என்று ஷேர் கொடுத்து பாஸ்வேர்ட் பாதுகாப்பை ஆஃப் செய்தால் போதும் என்றும் சொல்வார்கள். அது விருந்தினராக நுழையும் வழி. 24எச்2 ப்ரோவில் விருந்தினர் நுழைவு அடைக்கப்பட்டிருக்கிறது. நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் டிஜிட்டல் கையெழுத்தோடு வர வேண்டும் என்றும் கேட்கிறது. பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினரிடம் கையெழுத்துப் போடச் சாவி கிடையாது. சரியான பாஸ்வேர்டோடு போனால் விண்டோஸ் 7 கையெழுத்துப் போடும்.

---

தென்னங்கீற்று

உள்ளே போய்விட்டேன்! வீடியோ 104 எம்பியில் வருகிறது. போட்டோ ஃபோல்டர் மட்டும் இன்னும் 9, 10 எம்பிதான். அதில் ஏறக்குறைய 90,000 கோப்பு இருக்கிறது.

---

செம்புக்கம்பி

சின்னக் கோப்புகளில் நேரம் போவது தரவை அனுப்புவதில் இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் திற, அளவு சொல், தேதி சொல், மூடு என்று இரண்டு கணினியும் பலமுறை கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளோரர் ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். கூடவே டிஸ்க்கின் முள்ளும் கோப்புக்குக் கோப்பு இடம் மாறி ஓட வேண்டும். ஒரே நேரத்தில் பல கோப்புகளை இழுக்கும் கருவி வேண்டும். அது விண்டோஸிலேயே இருக்கிறது: ரோபோகாப்பி.

லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைக் கொடுங்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், கறுப்புத் திரையில் அதே ஒலிக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்:

ரோபோகாப்பி "\\192.168.50.1\போட்டோ" "சி:\பழையது\போட்டோ" /இ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 /எம்டி:8 /டிகாப்பி:டி /லாக்:சி:\பழையது\போட்டோ.டெக்ஸ்ட்

"இ" உள் ஃபோல்டர்கள் எல்லாம், காலியானவை உட்பட. "எக்ஸ்ஜே" குறுக்குச் சந்திகளை, அதாவது வேறு ஃபோல்டரைச் சுட்டும் போலி ஃபோல்டர்களை, தவிர்க்க. யூசர் ஃபோல்டரில் அப்ளிகேஷன் டேட்டா என்ற பெயரில் தன்னைத்தானே சுட்டும் சந்தி ஒன்று இருக்கும், இதைப் போடாவிட்டால் அதற்குள் விழுந்து சுற்றிக்கொண்டே இருக்கும். "ஆர்" எத்தனை முறை மறுபடி முயல வேண்டும், "டபிள்யூ" நடுவில் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும். இவை இரண்டையும் மறந்தீர்களானால் இயல்பு எண்கள் 10 லட்சம் முறை, 30 விநாடி. ஒரு கெட்டுப்போன கோப்பில் மாட்டி விடிய விடிய நிற்கும். "எம்டி" ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு. சுழலும் டிஸ்க்குக்கு 8 போதும், 64 போட்டால் முள் அங்கும் இங்கும் ஓடியே நேரம் போகும். "டிகாப்பி:டி" ஃபோல்டர்களின் தேதியைக் காக்க.

தேதி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். எக்ஸ்ப்ளோரரில் காப்பி போட்டால் "உருவான தேதி" இன்றைய தேதியாகிவிடும். ரோபோகாப்பி பழைய தேதியையே கொண்டுவரும். கேமராத் தகவல் இல்லாத ஸ்கேன் படங்களுக்கு அந்தத் தேதி ஒன்றுதான் அடையாளம். ஏற்கெனவே எக்ஸ்ப்ளோரரில் வந்த போட்டோக்களை அழித்துவிட்டு மறுபடி இழுப்பதே நல்லது.

செய்யக் கூடாதவை மூன்று.

"எம்ஐஆர்" போடாதீர்கள். அது இரண்டு பக்கமும் ஒன்றாக்கும் கட்டளை. மூலத்தில் இல்லாத எதுவும் சேரிடத்தில் இருந்தால் கேட்காமல் அழிக்கும். சேரிடத்தைத் தவறுதலாக லேப்டாப்பின் டாக்குமென்ட்ஸ் என்று கொடுத்துவிட்டால் புதுசாகச் சேர்த்தது அத்தனையும் போய்விடும்.

"காப்பிஆல்" போடாதீர்கள். பழைய கணினியின் அனுமதிப் பட்டியலும் சேர்ந்து வரும். அந்தக் கணக்கு லேப்டாப்பில் இல்லாததால் நீண்ட எண் வரிசையாகத் தெரியும், உங்கள் கோப்பே உங்களுக்குப் பூட்டிக்கொள்ளும்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் பாதையின் கடைசியில் பின்சாய்கோடு வைக்காதீர்கள். அந்தச் சாய்கோடு மூடும் மேற்கோளை விழுங்கிவிடும். மூலம், சேரிடம், விருப்பங்கள் எல்லாம் ஒரே பாதையாக ஒட்டிக்கொண்டு, தவறான அளவுரு என்று நிற்கும்.

முழு டிரைவையே மூலமாகக் கொடுத்தால் சேரிட ஃபோல்டர் மறைந்துபோகும். டிரைவின் வேருக்கு இருக்கும் ஹிடன், சிஸ்டம் குணங்கள் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். கோப்புகள் அங்கேதான் இருக்கும். அட்ரிப் கட்டளையில் கழித்தல் எச், கழித்தல் எஸ் கொடுத்தால் வெளிவரும்.

அவுட்லுக் மெயில் பிஎஸ்டி கோப்பாக இருக்கும். பழைய கணினியில் அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் இழுக்க வேண்டும், திறந்திருந்தால் கோப்பு பூட்டப்பட்டிருக்கும்.

---

மாலைமணல்

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். வேர்டு கோப்புகள் எண்டு சொன்னீங்கள், அதால ஒண்டு கட்டாயம் சொல்லவேணும். 2012-க்கு முந்தின தமிழ் ஆவணங்கள் எண்டால் அதிகமா யுனிகோட்டில இருக்காது. எங்கட பக்கம் பாமினி, உங்கட பக்கம் டாம், டாப், டிஸ்கி எண்டு பழைய எழுத்துரு முறைகள் இருக்கும். கோப்பை மட்டும் கொண்டுவந்தால் காணாது, எழுத்துருவும் வரவேணும். எழுத்துரு இல்லாத கணினியில பாமினி ஆவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும். "அம்மா"வில மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிற இடத்தில ஒரு அரைப்புள்ளி நிக்கும். கோப்பு பழுதாப் போச்செண்டு அழிச்சுப் போடாதேங்கோ, அது பழுதில்லை.

செய்யவேண்டியது: பழைய கணினியில விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸைத் திறந்து, தமிழ் எழுத்துருக்களைத் தெரிஞ்சு வேறொரு ஃபோல்டரில ஒட்டி, அந்த ஃபோல்டரைக் கொண்டுவாங்கோ. லேப்டாப்பில ஒவ்வொண்டிலயும் வலது சொடுக்கு, "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு". லதாவில தட்டின யுனிகோட் ஆவணமும் விண்டோஸ் 11-இல வேற மாதிரித் தெரியலாம், ஏனெண்டால் லதாவை இப்ப இயல்பாத் தாறேல்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" எண்டு தேடிச் சேர்க்கலாம்.

டிஸ்கியில இருக்கிற வெறும் உரைக் கோப்புகளைப் புதுக் கணினியில திறந்து வேற குறியாக்கத்தில சேமிக்காதேங்கோ. யுனிகோட்டுக்கு மாற்றுற நிரலுக்கு மூலப் பைட்டுகள்தான் வேணும். மூலத்தை அப்பிடியே வைச்சுக்கொண்டு, ஒரு பிரதியில மட்டும் யுனிகோட்டுக்கு மாத்துங்கோ.

சின்னக் கோப்புகளை சிப் கட்டி அனுப்பலாமெண்டு நினைச்சால் விண்டோஸ் 7-இன்ர சொந்த சிப்பைத் தொடாதேங்கோ. தமிழில பெயர் வைச்ச கோப்பைப் பார்த்ததும் அதைச் சுருக்க ஏலாதெண்டு நிண்டுடும். 7-சிப் பிரச்சினையில்லாமல் கட்டும்.

---

கிழக்குவாசல்

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு லினக்ஸும் பழைய மேக்கும். தமிழ்ப் பெயர் உள்ள கோப்புகள் சில "பெயர் மிக நீளம்" என்று நிற்கின்றன. ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரலை இரண்டாம் முறை ஓட்டினால் சில கோப்புகள் மட்டும் புதுசு என்று மறுபடி வருகின்றன.

---

கருமேகம்

இரண்டும் வேறு வேறு காரணம், இரண்டுமே தமிழுக்கே உரியவை.

லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட். யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக 85 குறிதான். "கொ" என்பதே க, ஒகரக் குறி என இரண்டு, "க்" என்பது க, புள்ளி என இரண்டு. பார்வைக்கு 50 எழுத்துள்ள பெயரே எல்லையைத் தொட்டுவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுகிறது, 255 வரை விடும். அங்கே நிம்மதியாக இருந்த பெயர் இங்கே வரும்போது இடிக்கும். மூலத்திலேயே பெயரைச் சுருக்குவது ஒன்றே வழி.

இரண்டாவது: ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் குறி என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்தே வைக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். "கோவில்" என்ற கோப்பு இரண்டு பக்கமும் வேறு வேறு பைட்டாக இருப்பதால் ஆர்சிங்க் அதை வேறு கோப்பு என்கிறது. மேக்கிலிருந்து ஓட்டும்போது ஐகான்வ் விருப்பத்தில் யுடிஎஃப்-8-மேக், யுடிஎஃப்-8 என்ற இரண்டையும் கமா போட்டுக் கொடுங்கள். அதற்கு ஆர்சிங்க் 3 தேவை. மேக்கோடு வந்த பழைய 2.6.9-க்கு இந்த விருப்பம் தெரியாது.

---

தென்னங்கீற்று

போட்டோ 44 எம்பியில் ஓடி முடிந்தது. எழுத்துருக்களும் வந்துவிட்டன, எங்கள் வீட்டு ஆவணங்கள் டாம் எழுத்துருவில்தான் இருந்தன. மாலைமணல் அவர்களுக்குத் தனி நன்றி.

ரோபோகாப்பி கடைசியில் காட்டும் அட்டவணையில் "ஃபெயில்டு" பத்தியில் 3 என்று இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? பழைய டிஸ்க்கை எப்போது அழிக்கலாம்?

---

செம்புக்கம்பி

லாக் கோப்பைத் திறந்து "எரர்" என்று தேடுங்கள், மூன்று பாதையும் கிடைக்கும். எரர் 5 என்றால் அனுமதி இல்லை. எரர் 32 என்றால் வேறு நிரல் திறந்து வைத்திருக்கிறது, மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். அளவும் தேதியும் ஒத்த கோப்புகளைத் தாண்டிப் போய்விடும், மூன்றை மட்டும் எடுக்கும். எரர் 23 என்றால் கவனம் தேவை: டிஸ்க்கில் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. சி5 எண்ணை மறுபடி பாருங்கள்.

மூன்றும் வந்த பிறகு அதே கட்டளையின் கடைசியில் "/எல்" சேர்த்து ஓட்டுங்கள். எதையும் காப்பி செய்யாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். "காப்பிடு" பத்தியில் கோப்பு வரிசை பூஜ்யமாக இருக்க வேண்டும்.

அது அளவையும் தேதியையும் மட்டும்தான் ஒப்பிடும், உள்ளடக்கத்தை அல்ல. பத்திரங்களுக்கும் பிஎஸ்டிக்கும் அது போதாது. இரண்டு கணினியிலும் விண்டோஸோடு வரும் "செர்ட்யூட்டில்" கருவியின் ஹேஷ்ஃபைல் கட்டளையை, கோப்பின் பாதை கொடுத்து, கடைசியில் ஷா256 போட்டு ஓட்டுங்கள். கோப்பின் கைரேகை போல 64 எழுத்து வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு பிட் கூட மாறவில்லை.

பழைய டிஸ்க்கை இப்போது அழிக்கவே வேண்டாம். இன்றைக்கு உங்களிடம் இரண்டு பிரதி இருக்கிறது. பழையதை அழித்த நிமிடம் ஒன்றாகிவிடும், அதுவும் தூக்கிக்கொண்டு திரியும் லேப்டாப்பில். டிஸ்க்கைக் கழற்றி, நிலைமின் உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் லேப்டாப்பின் பேக்கப் எடுத்து, அதிலிருந்து நான்கைந்து கோப்பைத் திறந்து பார்த்த பிறகு பழையதைப் பற்றி யோசிக்கலாம். லேப்டாப்பில் டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க் முழுவதையும் மறையாக்கிப் பூட்டும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் செட்டிங்ஸில் பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி டிஸ்க்கோடு சேர்த்து வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

பழைய கணினியில் பப்ளிக்குக்குத் திறந்த ஷேரிங்கை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். லேப்டாப் அடாப்டருக்குக் கொடுத்த 192.168.50.2-ஐயும் எடுத்துவிட்டுத் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அந்த அடாப்டரை ரூட்டரில் மாட்டும்போது இன்டர்நெட் வராது.